சீர்த்தட்டில் பாகற்காய்

காய்கறிகளிலேயே பாகற்காய்தான் ஆளை வேலை வாங்கும். தக்காளியை உருட்டினால் முடிந்தது. கத்தரிக்காய்க்கு ஒரு தொப்பி வைத்தால் போதும். முட்டைக்கோஸ்கூட இலை இலையாக ஒட்டிக்கொண்டே போனால் தானாக வந்துவிடும். பாகற்காய் அப்படி இல்லை. இரண்டு பச்சையைக் கலந்து, சுண்டுவிரல் நகத்தளவுக்கு உருட்டி, இரு முனையையும் கூராக்கி, ஊசியால் நீளவாக்கில் வரி போட்டு, வரிக்கு நடுவே கடுகில் பாதி அளவுக்குக் கிள்ளி எடுத்து ஒவ்வொரு முண்டாக ஒட்ட வேண்டும். விரல் கொஞ்சம் அழுத்தினாலும் முண்டெல்லாம் நசுங்கி வெள்ளரிக்காயாகிவிடும். ஓவனில் சூடு சற்றே ஏறினாலும் பச்சை கருத்துப் போகும். பொம்மைக்குக் காய்கறி செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பாகற்காய் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள்.

மெர்லின் செய்வாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் கை அப்படி. அயோத்தியாப்பட்டணத்தில் மாடி வீடு. சமையல் மேடையில் பாதி அடுப்புக்கு, பாதி அவளுடைய மண்ணுக்கு. மண் என்றால் வயல் மண் இல்லை. பாக்கெட்டில் வண்ண வண்ணமாக வருகிற பாலிமர் கிளே. ஓவனில் வைத்து எடுத்தால் பிளாஸ்டிக் போல இறுகிக்கொள்ளும். மகளின் பொம்மைக்கு ஒரு கூடை காய் வேண்டுமென்று விளையாட்டாக ஆரம்பித்தது, சீர்த்தட்டு வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கு இந்தப் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பொம்மை உட்காராத தட்டை யாரும் தட்டென்றே மதிப்பதில்லை. அதனால் மெர்லினுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

ஆனால் ஜோதியின் தட்டை அவள் வேலையாக நினைத்துச் செய்யவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டில். அந்த ஒரே வாரத்தில் இரண்டு பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். அதற்கப்புறம் மெர்லினுக்கு ஒரு மகள் பிறந்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஜோதிக்கு இன்னொன்றும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஒன்பதாம் மாதம். இந்தப் பிள்ளையாவது கைக்கு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஜோதிக்கு வேறு நினைப்பே கிடையாது. மெர்லினும் தினம் ஜெபத்தில் தன் வீட்டுக்குக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஓமலூர் தாண்டி மேச்சேரி ரோட்டில் ஜோதியின் புகுந்த வீடு. அங்கே கட்டுச்சோறு விருந்து. தாய்வீட்டார் ஏழெட்டு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மகளை மணையில் உட்கார வைத்து, வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்துப்போகிற விசேஷம். அந்தச் சீருக்குத்தான் தட்டு. நடுவில் வயிற்றுப்பிள்ளைக்காரி பொம்மை, அவளுக்கு எதிரே சோற்றுப் பானைகள், பக்கத்தில் இடுப்பில் கூடையோடு அம்மா பொம்மை. கூடை நிறைய காய். மெர்லினின் வீம்பு அங்கேதான் தலைகாட்டியது. தன் கையில் வந்ததிலேயே அருமையாக வந்த பாகற்காயைக் கூடையின் உச்சியில், எல்லார் கண்ணிலும் படட்டும் என்று ஒட்டிவைத்தாள். போட்டோ எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் போட்டாள். ஜோதியின் கணவன் இளவழகன் முந்தின நாளே காரில் வந்து தட்டை வாங்கிப்போய்விட்டான்.

விசேஷத்தன்று காலையில் மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வந்தாள் பக்கத்து வீட்டு அன்புச்செல்வி. திருச்செங்கோட்டுக்காரி. கையில் போன்.

"ஏனுங்க மெர்லின், இந்தத் தட்டு எந்த விசேஷத்துக்குங்க?"

"நம்ம ஜோதிக்குங்க. இன்னைக்குக் கட்டுச்சோறு. நானும் கிளம்பிட்டே இருக்கேன்."

அன்புச்செல்வி படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். "கூடை மேல இருக்கறது பாவக்காயிங்களா?"

"எப்படி வந்திருக்கு?" என்று கேட்டாள் மெர்லின். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"நல்லாத்தான் வந்திருக்குது. ஆனா பாவக்காயக் கொண்டுபோயி ஆராச்சும் சீர்ல வெப்பாங்களா? கசப்புங்க அது. எங்க பக்கம் விசேசத்துப் பந்தியிலகூடப் போட மாட்டாங்க. அதும் மாசமா இருக்கறவ முன்னால..." அன்புச்செல்வி பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அவங்க மாமியா பாத்துச்சுங்களா?"

மெர்லின் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். அவள் வீட்டில் பாகற்காய் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் மொறுமொறுவென்று பொரிக்கிற பண்டம். அவள் கல்யாண விருந்தில்கூட அப்பா ஆசைப்பட்டுப் போடச் சொன்னார். பொம்மைக் காயில் எது கசக்கும், எது இனிக்கும் என்று யோசிக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு வருஷம் இந்த ஜனங்களோடு கலந்து பழகியும் இது ஒன்று தெரியாமல் போயிற்றே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஜோதியின் மாமியார் பாவாயியை அவளுக்குத் தெரியும். தங்கமான மனுஷி, ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் யார் சொல்வதும் காதில் ஏறாது. போன தடவை பிள்ளை தங்காமல் போனதற்குக் காரணம், ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது எதிரே வந்த காலிக் குடம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறவர். அந்தக் குடத்தைத் தூக்கிவந்த பெண்ணோடு இன்றுவரைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நாளைக்கு ஜோதிக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால், குடத்துக்குப் பதில் பாகற்காய், அந்தப் பெண்ணுக்குப் பதில் மெர்லின்.

ஜோதிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஏற்கெனவே வேகவைத்த பொம்மைக் காய்கள் கிடந்த டப்பாவைக் கவிழ்த்து, அதே பச்சையில் ஒரு வெள்ளரிக்காயைத் தேடி எடுத்தாள். ஒட்டுகிற பசையையும் ஒரு பிளேடையும் பையில் போட்டுக்கொண்டாள். போகிறோம், யாரும் பார்ப்பதற்குள் பாகற்காயைப் பெயர்த்துவிட்டு வெள்ளரிக்காயை வைக்கிறோம், அவ்வளவுதான் என்று மனசுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மனசு கேட்டால்தானே. புது பஸ் ஸ்டாண்டில் மேச்சேரி பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பாமல் நின்றது. கிளம்பியும் ஓமலூர் வரைக்கும் கை காட்டினவர்களுக்கெல்லாம் நின்றது. ஓமலூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். மெர்லின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த மனுஷன் ஆற்றி ஆற்றிக் குடிப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இத்தனை அவசரமாக அவள் தன் பிள்ளையைக்கூடப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதில்லை.

வீட்டு முன்னால் பந்தல். ஸ்பீக்கரில் பாட்டு. பாவாயி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா சாமி. நீயில்லாத விசேசமா? உன்ற தட்டப் பாத்துப்போட்டு எல்லாரும் வாயப் பொளக்கறாங்க போ."

மெர்லினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லோரும் பார்த்தாகிவிட்டது. ஆனால் இந்த முகத்தில் கோபம் இல்லையே? என்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டுச் சீர் வைத்திருந்த அறைக்குப் போனாள். தட்டின் கண்ணாடித்தாளைப் பிரித்திருந்தார்கள். அம்மா பொம்மையின் கூடையில் கத்தரி, வெண்டை, முருங்கை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. உச்சியில் மட்டும் ஒன்றுமில்லை. பசை பெயர்ந்த தடம் தெரிந்தது.

"உள்ள வாங்கக்கா. கதவச் சாத்துங்க."

அடுத்த அறையிலிருந்து ஜோதிதான் கூப்பிட்டாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அலங்காரம் செய்ய வந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். ஜோதி முந்தானை முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்துக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் பாகற்காய்.

"நேத்துப் பொழுதோட தட்டப் பிரிச்சுப் பாத்தனுங்க. அத்தை கண்ணுல பட்டா உங்கள உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுவாங்க. அதான் ஆருக்கும் தெரியாம நெம்பி எடுத்துட்டேன்."

மெர்லினுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நல்ல வேளை ஜோதி. நான் பஸ்ல வர்றதுக்குள்ள செத்துப் பொழச்சேன். தெரியாம வெச்சுட்டேன், மனசுல எதுவும் வெச்சுக்காத" என்று சிரித்தாள். ஜோதி சிரிக்கவில்லை.

"அக்கா, அதுல இருந்து அசைவே இல்லீங்க."

"எதுல இருந்து?"

"இதப் பாத்ததுல இருந்து."

மெர்லின் எழுந்து அவள் வயிற்றில் கையை வைத்தாள். "நேத்துச் சாயங்காலத்துல இருந்தா? ராத்திரி?"

"இல்லீங்க."

"காலையில?"

"ஒருக்கா உருண்டாப்பல இருந்துச்சு. அதும் நெசமா, என்ற நெனப்பான்னு தெரியல."

மெர்லின் அவளை இடப்பக்கமாகப் படுக்கவைத்தாள். மேஜைமேல் இருந்த ஜூஸைக் குடிக்கவைத்தாள். சில பிள்ளைகள் தித்திப்பு உள்ளே போனதும் ஒரு உதை உதைக்கும். இரண்டு கையாலும் வயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது. அதுவும் முடிந்தது. அவள் கைக்கடியில் ஒரு துளி அசைவு இல்லை.

"ஏன் சொல்லல நீ? யாருகிட்டயாவது சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொன்னா நெசமாயிருமுங்க அக்கா." ஜோதி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "சொல்லியிருந்தா என்ன கண்டே, என்ன தொட்டேன்னு அத்தை நோண்டி நோண்டிக் கேப்பாங்க. பாவக்காய்ல வந்து நிக்கும். உங்களத்தான் பேசுவாங்க."

மெர்லினுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆறு வருஷத்துக்கு முந்தின ராத்திரி ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் வயிற்றில் அசைவு நின்றது. வீட்டில் எல்லோரும் விடியட்டும் என்றார்கள். விடிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை இங்கே வைத்து, அங்கே வைத்து, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் காதிலிருந்து கழற்றிக்கொண்டார். அதைப் பற்றி அவள் ஜோதியிடம்கூட முழுசாகப் பேசியதில்லை. இப்போதும் பேசவில்லை. எழுந்து பாவாயியைத் தேடிப் போனாள்.

பாவாயி சமையல்கட்டு ஓரத்தில் வளையல் தட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மெர்லின் அவரைத் தனியாக அழைத்துப்போய், சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அம்மா, ஜோதிக்குக் கொழந்தை அசைவு இல்லைங்க. நேத்துல இருந்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தாநாளுத்தான டாக்டரம்மா பாத்துச்சு? நெம்ப நல்லாருக்குதுன்னு சொல்லுச்சே."

"முந்தாநாள் நல்லா இருந்திருக்கும். இன்னைக்கு இல்லைங்க. நான் கை வெச்சுப் பாத்தேன்."

"தூங்குமுடி கண்ணு. கடைசி மாசத்துல தூங்குங்க. நானும் பெத்தவதான்." பாவாயி தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "நல்ல நேரம் இன்னும் அரை மணிதான் இருக்குது. மணைல உக்கார வெச்சு, வளையலப் போட்டு, ஒரு வாய் சோறு ஊட்டிட்டா நானே கூட்டிட்டு ஓடறேன்."

"அரை மணி தாங்காதுங்கம்மா."

"உனக்குத் தெரியாது சாமி." அவர் மெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டும் இந்த மணைல உக்கார்றதுக்கு மின்னாடியே போயிருச்சு. இந்த ஊட்டுல இதுவரைக்கும் அவ மணைல உக்காரல. இந்தத் தடவ உக்காந்துட்டா நின்னுக்கும். உக்காராம எந்திரிச்சுப் போனா நிக்காது. என்ற மனசு சொல்லுது."

அந்த அம்மாளைத் திட்டவும் மெர்லினுக்கு மனசு வரவில்லை. பிள்ளை வேண்டாமென்றா சொல்கிறார்? வேண்டும் வேண்டும் என்றுதான் அந்த மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். வாசலுக்கு ஓடி இளவழகனைப் பிடித்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பிறகு உள்ளே போய் அம்மாவிடம் என்னவோ கேட்டுவிட்டு வந்தான்.

"அம்மா அரை மணின்னு சொல்றாங்க. கார இப்பவே திருப்பி நிறுத்தி வெச்சுக்கறனுங்க. முடிஞ்சதும் பறந்துரலாம்."

பூமிக்குள் ஆயிரம் அடி துளை போடுகிற ரிக் வண்டியோடு பாதி இந்தியா சுற்றினவன் அவன். அம்மாவுக்கு முன்னால் மட்டும் வாய் திறக்காது. இவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று மெர்லின் திரும்பினாள்.

அதற்குள் ஜோதியை வெளியே அழைத்து வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொள்ள, அவள் மெல்ல மெல்ல நடந்து மணைக்கு அருகில் வந்தாள். முகத்தில் பவுடரை மீறி வெளிறல் தெரிந்தது. கேமராக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மெர்லினால் பார்க்க முடியவில்லை. அரை மணி என்பார்கள். வளையல் போட நாற்பது பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியும் போட்டோவுக்கு நிற்பாள். அப்புறம் ஏழு வகைச் சோறு, அப்புறம் மொய், அப்புறம் ஆரத்தி. விடியட்டும் என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த வீட்டில் பிள்ளை அசையவில்லை என்று சொன்னால் சடங்கு நிற்காது. எதைச் சொன்னால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். அது ஜோதியிடம், அவள் திரும்ப முடிந்துகொண்ட முந்தானை முடிச்சுக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் அப்புறம் திரும்ப வைக்க முடியாது. பிள்ளை பிழைக்காவிட்டால், பாகற்காயை வைத்துப் பிள்ளையைக் கொன்றவள் என்று இந்தப் பக்கம் பூராவும் சொல்லும். பிழைத்தாலும் விசேஷத்தைக் கெடுத்தவள். யாரும் இனி ஒரு தட்டு கொடுக்க மாட்டார்கள். பயம்தான். ஆனாலும் ஜோதிக்கு அருகில் போய்க் குனிந்தாள்.

"அதக் குடு."

ஜோதி புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள். தலையை வேகமாக ஆட்டினாள். "வேண்டாமுங்க அக்கா. உங்கள..."

"குடுன்னா குடு."

முடிச்சை மெர்லினே அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். கூட்டத்துக்கு நடுவே போய் நின்று கையை உயர்த்தினாள்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க. இந்தச் சீர்த்தட்டு நான் பண்ணினது. இதுல பாவக்காய் வெச்சிருந்தேன். ராத்திரி பூரா இந்த வீட்டுல இருந்திருக்கு. ஜோதி முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தா. இந்தாங்க, நீங்களே பாருங்க."

யாரோ பாட்டை நிறுத்தினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனுஷி அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் உருட்டி உருட்டிப் பார்த்தாள். "பாவக்காயேதான். முண்டு மொதக்கொண்டு இருக்குது" என்றாள். மெர்லினின் வேலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை. அந்த நேரத்திலும் அது அவள் காதில் விழத்தான் செய்தது.

"மாசமா இருக்கறவ மடியில பாவக்காயா?"

"சர்ச்சுக்குப் போற வேதக்காரிகிட்ட சீர்த்தட்டு சொன்னா இப்பிடித்தான் ஆகும்."

"வேணுமின்னே வெச்சாளோ என்னமோ. ஆரு கண்டா."

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மெர்லின் அந்தப் பெரிய மனுஷியின் முன்னால் போய் நின்றாள். "நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க. பாவக்காய் வந்த சீர்ல மணையில உக்காரலாமுங்களா?"

"கூடாது" என்றாள் அவள், ஒரு வார்த்தையில். சுற்றியிருந்த பெண்களும் கூடாது கூடாது என்றார்கள்.

பாவாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மெர்லினை அடித்துவிடப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மெர்லினும் அப்படித்தான் நினைத்து, நகராமல் நின்றாள். பாவாயியின் கை ஓங்கியபடியே நின்றது. பிறகு தானாகக் கீழே விழுந்தது. அந்தக் கண்ணிலிருந்த பிடிமானம் ஒவ்வொன்றாக அவிழ்ந்து போனதை மெர்லின் பார்த்தாள். இனி முடிப்பதற்குச் சடங்கு இல்லை. காத்திருப்பதற்கு நல்ல நேரமும் இல்லை.

"மாமா." ஜோதியின் குரல். அத்தனை பேருக்கும் கேட்கும்படி கணவனைக் கூப்பிட்டாள். "கொழந்தை அசையலைங்க. கார எடுங்க."

இளவழகன் ஓடினான். இந்த முறை அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

காரின் பின்சீட்டில் ஒரு பக்கம் பாவாயி, ஒரு பக்கம் மெர்லின், நடுவில் ஜோதி. மெர்லினை ஏற்ற வேண்டாமென்று யார் யாரோ சொன்னார்கள். ஜோதி அவள் கையை விட்டால்தானே. சேலம் வரைக்கும் பாவாயி மருமகளின் வயிற்றில் கையை வைத்தபடி உதடு மட்டும் அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மெர்லினும் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இளவழகன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜோதியின் புடவையைத் தளர்த்தி, வயிற்றில் கருவியை வைத்தாள். கரகரவென்று சத்தம். இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் கரகர. கீழே, இன்னும் கீழே. ஜோதி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மெர்லின் கதவோரம் நின்று, இந்தச் சத்தத்தைத் தாண்டி ஒன்றும் வராமல் போன அந்தக் காலையை நினைக்காமல் இருக்க என்னவெல்லாமோ செய்தாள். அப்போது கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். நொண்டி நொண்டி நடக்கிறாற்போல.

"இருக்குது" என்று பாவாயி மூச்சுவிட்டார். நர்ஸ் சந்தோஷப்படவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் வந்து காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்தார். துடிப்பு ரொம்ப இறங்கியிருக்கிறது, காத்திருக்க முடியாது, இப்போதே எடுத்தாக வேண்டும், எதற்கும் உறுதி சொல்ல முடியாது என்று இளவழகனிடம் சொன்னார். எப்போதிலிருந்து அசைவு இல்லை என்று கேட்டார். நேற்றிலிருந்து என்றதும் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "அதுக்கு இவ்வளவு நேரமா?"

ஜோதியைப் பூவோடு அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

நடைபாதையில் பாவாயி ஒரு கோடியில், மெர்லின் ஒரு கோடியில். விசேஷ வீட்டிலிருந்து இன்னொரு காரில் சொந்தக்காரப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். வரும்போதே பேச்சு பலமாக இருந்தது. "இவ எதுக்கு இன்னும் இங்க நிக்கறா?" என்று ஒருத்தி கேட்டாள். "குறைமாசத்துல எடுக்கறாங்களாமா. காலையில வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. அந்தக் கருமத்தக் கொண்டுவந்து காட்டுன கையோட இப்பிடி ஆகியிருக்குது பாரு" என்றாள் இன்னொருத்தி. காலையில் வரைக்கும் நல்லா இல்லை என்று மெர்லினுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி என்ன ஆகப்போகிறது? அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும். மற்றது எது வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும் என்று சுவரோடு ஒட்டி நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பெண்கள்கூடப் பேசி ஓய்ந்திருந்தார்கள். இளவழகன் செருப்பில்லாமல் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தான். கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்து பாவாயியை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்க முடியாமல் எழுந்து போனார். நல்ல செய்தி என்றால் இங்கேயே சொல்லியிருப்பார்களே என்று மெர்லின் நினைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பாவாயி திரும்பி வந்தார். சொந்தக்காரப் பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். மகன் வந்து கையைப் பிடித்தான். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் அவர்களைக் கடந்து மெர்லினிடம் வந்தார். மெர்லின் எழுந்தாள்.

"அழுதுச்சுங்களா?" என்று கேட்டாள். அதற்குமேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"அழுதுச்சு." என்றார் பாவாயி. "மெதுவாத்தான் அழுதுச்சு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. ஜோதியும் நல்லாருக்குறா. இன்னும் கொஞ்ச நேரம் தாமசிச்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டரு என்ற மூஞ்சி மேலயே சொன்னாரு."

மெர்லின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாவாயி அவள் தோளில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"உன்னயக் கும்புடறதா, வையறதான்னு எனக்குத் தெரியல சாமி" என்றார். குரலில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "நீ இல்லைன்னா இது இல்ல. அது எனக்குத் தெரியுது. ஆனா பொட்டிக்குள்ள கெடக்கறத நெனச்சா பயமா இருக்குது. உன்னயப் பாத்தா அந்தப் பாவக்காய்தான் கண்ணுல வந்து நிக்குது. அது பொழச்சு எந்திரிக்கற வரைக்கும் நீ எங்க கண்ணுல பட வேண்டாம். போயிரு கண்ணு."

"போயிட்டு வாரேன்னு ஜோதிகிட்ட..."

"நான் சொல்லிக்கறேன். போ."

மெர்லின் படியிறங்கி வந்தாள். வெளியே நல்ல வெயில். பழ வண்டிகளும் ஆட்டோக்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அழுதுச்சு, அழுதுச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே, கண்ணைத் துடைத்துத் துடைத்து, அயோத்தியாப்பட்டணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அத்தனை சந்தோஷமும் அத்தனை வேதனையும் ஒரே சமயத்தில் ஒரு மனுஷி தாங்க முடியுமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. போனை எடுத்து மகளை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போயிருந்த கணவர் பிரான்சிஸைக் கூப்பிட்டு, ஜோதிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது, உயிரோடு இருக்கிறது என்று சொன்னாள்.

"கடவுளே. என்ன கொழந்தை?" என்று கேட்டார் பிரான்சிஸ்.

மெர்லின் வாயைத் திறந்தாள். அதை அவள் கேட்கவே இல்லை. பஸ் இன்னும் கிளம்பவில்லை, அதன் ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரி தெரிந்துகொண்டிருந்தது. திரும்பிப் போய்க் கேட்க அவளுக்கு வழியில்லை.

"தெரியலைங்க" என்றாள்.